ஆஷ் குடும்பமும் ஜான் வாலிஸ் விட்ட சொற்களும்

ஜான் வாலிஸ் என்றால் கணக்குப் படித்தவர்களுக்கு நினைவு வரலாம். முடிவிலிக்கு இன்று நாம் போடும் படுத்த எட்டு, அவர் 1655-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குறி. ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியர். அவர் ஆங்கில இலக்கணமும் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. லத்தீனில் எழுதிய நூல், முதல் பதிப்பு 1653.

அதில் அவர் வைக்கும் ஒரு வாதம் இது: சொல்லின் கடைசி ஓசைக்கே ஒரு பொருள் உண்டு. க்ராஷ், ஃப்ளாஷ், க்ளாஷ், லாஷ், ஸ்லாஷ், ராஷ், ட்ராஷ் என்று அடுக்கிவிட்டு, 'ஆஷ்' என்று முடிந்தால் வேகமும் கூர்மையும் கொண்ட செயல் என்கிறார். நம் யாப்பில் இயைபு என்போமே, அந்த இறுதி ஓசை ஒற்றுமை. அது வெறும் ஓசை நயம் இல்லை, பொருளின் தடயம் என்பது அவர் கட்சி.

படித்ததும் 'அட!' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ட்ராஷ் எப்படி உள்ளே வந்தது? குப்பையில் என்ன வேகம், என்ன கூர்மை? அதைவிட முக்கியம், எவை வரவில்லை என்பது. ஆஷ் என்றே ஒரு சொல் இருக்கிறது, சாம்பல். கேஷ் இருக்கிறது, பணம். (நாம் தமிழில் 'கே' போட்டு எழுதினாலும் ஆங்கிலத்தில் அதே உயிரோசைதான்.) இரண்டுமே வாலிஸ் காலத்து ஆங்கிலத்தில் புழங்கியவை. பட்டியலில் இல்லை.

மென்பொருள் வேலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பாஸ் ஆகும் டெஸ்ட் கேஸை மட்டும் எழுதுவது. ஒரு கணித மேதையே இதைச் செய்திருக்கிறார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்!

சரி, முழுசா எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இன்றைய ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும், இந்த ஓசையில் முடியும் ஓரசைச் சொற்கள் 22 தேறின. அடி, மோதல், வெட்டு, திடீர் வேகம் என்ற வட்டத்துக்குள் தயங்காமல் வருபவை 13: பாஷ் (ஓங்கி அடிப்பது), க்ளாஷ், க்ராஷ், டாஷ், ஃப்ளாஷ், காஷ் (ஆழமான வெட்டுக்காயம்), நாஷ் (பல்லை நறநறப்பது), லாஷ் (சாட்டையடி), மாஷ் (மசிப்பது), ஸ்லாஷ், ஸ்மாஷ், ஸ்ப்ளாஷ், த்ராஷ்.

கொஞ்சமும் ஒட்டாதவை 6: சாம்பல், பணம், குப்பை, இடுப்பில் கட்டும் சாஷ், பதுக்கி வைக்கும் ஸ்டாஷ், அப்புறம் நம்ம தொழிலின் கேஷ் மெமரியில் வரும் கேஷ். பிந்தையது 'ஒளித்துவை' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

மீதி 3 இழுபறி: ராஷ் (அவசரக்குடுக்கைத்தனம்), ப்ராஷ் (அடாவடி), ஹாஷ் (கொத்தியது). ஆபத்தே இங்கேதான். 'அவசரமும் வேகம்தானே' என்று கதவைக் கொஞ்சம் திறந்தால் மூன்றும் உள்ளே வந்துவிடும். இன்னும் கொஞ்சம் திறந்தால் சாம்பலையும் 'தீயின் வேகத்தில் மிஞ்சியது' என்று சேர்க்கலாம். எதையும் உள்ளே விடும் விதி எதையும் சொல்வதில்லை.

அப்படியானால் வாலிஸ் சொன்னது முழுக்கக் கதையா? இல்லை. கேட், பேட், ஹேட், மேட், ரேட் என்று பூனை, மட்டை, தொப்பி, பாய், எலி வரிசையை எடுத்துப் பாருங்கள். எந்தப் பொருளும் கூட்டமாகச் சேரவில்லை. ஆஷ் வரிசையில் 22-க்கு 13 சேர்கிறது. இத்தகைய ஓசைத் துணுக்குகளுக்கு மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930-இல் 'ஃபோனஸ்தீம்' என்று பெயரிட்டார். 2004-இல் பெஞ்சமின் பெர்கன் சோதனை செய்து, இப்படி ஓசையும் பொருளும் சேர்ந்து ஒத்துப்போகும் சொற்களில் ஒன்றைப் பார்த்தவர்கள் அடுத்ததைச் சட்டென்று அடையாளம் காண்கிறார்கள் என்று காட்டினார்.

என் வாசிப்பு இதுதான்: ஓசைக்குள் பொருள் ஒளிந்திருக்கவில்லை. ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் ஒன்றையொன்று பக்கத்தில் இழுத்துக்கொள்கின்றன. த்ராஷைப் பாருங்கள். அது த்ரெஷ், அதாவது கதிரடிப்பது, என்பதன் மாற்று வடிவம். இன்று கதிரை அடிக்க த்ரெஷ், ஆளை அடிக்க த்ராஷ். க்ராஷ், ஸ்மாஷ் பக்கம் போய் நின்ற வடிவத்துக்கே வன்முறை வந்து சேர்ந்திருக்கிறது. வாலிஸ் ஒரு போக்கைக் கண்டார், அதை விதி என்று எழுதிவிட்டார். தப்பு அங்கேதான்.

அவரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் 'கேஷ் என்பது நம் காசுதான்' என்று பெருமையாக எழுதியவன் நான். பாதிதான் சரி. பணம் என்ற பொருளில் வரும் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஆனால் அதே எழுத்து, அதே ஓசையில் வேறொரு கேஷ் இருக்கிறது. பழைய சென்னை நாணய முறையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா. அந்தச் சில்லறைக் கேஷ் மட்டும், போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன நம் காசு.

ஓசை முழுசாக ஒத்துப்போன இடத்திலேயே இரண்டு வரலாறு. அன்றைக்கு அகராதியில் அடுத்த பதிவையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பொருந்திய சொல் கிடைத்த சந்தோஷத்தில் மூடிவைத்துவிட்டேன். இனி ஓசை ஒற்றுமையை வைத்து எதை எழுதினாலும், பொருந்தாத சொற்களின் பட்டியலையும் கூடவே போடுவதாக இருக்கிறேன். போடவில்லையென்றால் கேளுங்கள்.