சிறுதேரும் செம்மண்ணும்

குறுந்தொகையின் 61-ஆம் பாடல் தும்பிசேர்கீரனார் பாடியது. அதில் ஒரு விளையாட்டுத் தேர் வருகிறது. தச்சர் செய்து கொடுத்த சிறிய தேர் அது. அதன்மேல் ஏறிச் செல்லுதல் எவர்க்கும் இயலாது. ஏறும் இன்பம் வாய்க்காவிடினும், சிறுவர் அதனைக் கையால் இழுத்து மகிழ்கின்றனர். தலைவனோடு கொண்ட நட்புக்குத் தோழி கூறும் உவமை இது. பெரும்பாணாற்றுப்படையிலும் இத்தகைய தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியரை நாடிப் பாலுண்டு உறங்குகின்றனர். பட்டினப்பாலையின் சிறுதேருக்கு மூன்றே சக்கரம். ஆண்பால் பிள்ளைத்தமிழிலோ சிறுதேர் உருட்டலுக்கென ஒரு பருவமே வகுத்துவிட்டனர். ஆகவே, ஊர்தியைச் சிறிதாக்கி அதனோடு உறவாடும் கலை தமிழர்க்குப் புதியதன்று.

இன்று உலகெங்கும் பயிலப்படும் ஒரு பொழுதுபோக்கு இச்சிறுதேரின் வழிவந்ததே எனலாம். உலகப்போர்களில் ஓடிய டாங்கிகள், பாரவண்டிகள், பீரங்கிகள், அவற்றை இயக்கிய வீரர்கள் ஆகியோரைக் குறுவடிவில் ஒட்டி, வண்ணம் தீட்டி, மண்ணும் புல்லும் போன்ற தோற்றம் தரும் அடித்தட்டில் நிறுத்தி, மேசைமீது போர் விளையாட்டு நிகழ்த்துவர். 72-இல் ஒரு பங்கு என்னும் அளவில் ஆறடி ஆள் ஓரங்குலம் ஆவான்; நடுத்தர டாங்கி மூன்று அங்குலம் இருக்கும். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இவ்விளையாட்டுக்கு விதி வகுத்து 'லிட்டில் வார்ஸ்' என்றொரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டில் உண்மைப் போர் வந்துவிட்டது. பிற்காலத்தில் இத்தகைய பொம்மைகளால் உலகப் புகழ் பெற்ற ஜப்பானிய நிறுவனமாகிய தாமியா, 1946-இல் மரவணிகமாகத் தொடங்கி மரப்பொம்மைக்கு வந்து, அதன் பின்னரே பிளாஸ்டிக்குக்கு மாறியது. சங்கச் சிறுதேரைச் செய்தவரும் தச்சரே என்பது ஈண்டு நினைவுக்கு வருகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இக்கலையில் ஈடுபாடு கொண்டோர் உளர். செலாயாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மேசையருகே, ஓர் இளைஞன் ஜப்பானிய டாங்கி ஒன்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். முதலில் அடிவண்ணம் பூசுவான். அதன்மேல் காக்கி, பழுப்பு, பச்சைத் திட்டுகள். அக்காலத்து ஜப்பானிய டாங்கிகள் பலவற்றில் இத்திட்டுகளின் குறுக்கே மஞ்சள் வரிகளும் இருந்தன; கை நடுங்கினால் அவ்வரி கெடும். பிறகு நீர்த்த கருஞ்சாயத்தை இடுக்குகளில் ஓடவிடுவான். வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட உலர்ந்த தூரிகையால் மேடான விளிம்புகளைத் தடவி ஒளி காட்டுவான். இறுதியில் மங்கல் மெருகைத் தெளிக்க வேண்டும். இவ்விடத்திலேதான் செலாயாங்கின் வானிலை குறுக்கிடும். மாலை மழைக்கு முன் காற்று ஈரத்தால் கனத்திருக்கும் வேளையில் மெருகைத் தெளித்தால், வெண்மூடுபனி படிந்தாற்போல் வண்ணம் வெளுத்துப் போகும். குளிர்நாட்டுக் கையேட்டை நம்பியவன் பல நாள் உழைப்பை ஒரு நொடியில் இழப்பான்.

இக்கையேடுகளின் குறை ஈரத்தோடு நிற்பதன்று. மண்ணையும் மரத்தையும் ஆளையுங்கூட அவை குளிர்நாட்டினின்றோ பாலைநாட்டினின்றோ எடுத்துத் தருகின்றன. இக்கலையை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அது தொல்காப்பியத்தில் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் ஒழுகலாறு உரிப்பொருள். பாடலுள் பயில்வன இம்மூன்றே, ஒன்றினும் ஒன்று முறையே சிறப்புடையது, உரியே தலையாயது. அகப்பாட்டுக்கு வகுத்ததைப் பொம்மைக்கு ஏற்றுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். ஒரு சாண் பலகையில் ஓரிடத்தையும் ஒரு பொழுதையும் ஒரு செயலையும் அடைக்க முயல்வது எதுவாயினும், அதனை இவ்வளவுகோலால் அளப்பதில் இழுக்கில்லை. அளந்து பார்த்தால், சிற்றுருக் கலைஞரிற் பெரும்பாலோர் ஊர்தி என்னும் ஒரு பொருளிலேயே உழைப்பையெல்லாம் கொட்டுகின்றனர் என்பது தெரியும். ஆணியின் எண்ணிக்கை பிழையாது. சங்கிலிச் சக்கரத்தின் பற்கள் பிழையா. அது நிற்கும் நிலமோ எந்நாட்டு நிலம் என்று கூற இயலாது.

செலாயாங் இளைஞன் நிலத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவ்வூர் வழியே ரவாங்குக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை, மேலும் வடக்கே செரண்டா, பத்தாங் காலி, தஞ்சோங் மாலிம் ஆகியவற்றைக் கடந்து பேராக்கின் சிலிம் ரிவர் வரை செல்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை கோலாலம்பூரை நோக்கி இறங்கிய முதன்மை வழி இதுவே. காடடர்ந்த மலாயாவில் டாங்கிகள் பயன்படா என்று பிரிட்டிஷார் எண்ணியிருந்தனர். சிலிம் ரிவர்ப் போரின்போது அவர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ஜனவரி 7-ஆம் நாள், விடியலுக்கு முன், நிலவொளியில், மேஜர் ஷிமாதாவின் டாங்கிகள் துரோலாக் அருகே சாலை வழியே பாய்ந்தன. புதுச் சாலை அமைத்தபோது கைவிடப்பட்ட பழைய வளைவுச் சாலைகளையும் பயன்படுத்தித் தடைகளைச் சுற்றி வந்தன. 11-ஆம் இந்தியப் பிரிவின் இரு பிரிகேடுகள், ஹைதராபாத் படையினரும் பஞ்சாபியரும் கூர்க்காக்களும் ஸ்காட்லாந்து ஹைலாண்டரும் அடங்கியவை, அன்று நண்பகலுக்குள் சிதைந்தன. ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், 155-ஆம் பீல்டு ரெஜிமெண்டின் 4.5 அங்குல ஹவிட்சர் ஒன்று முன்னணி டாங்கியை உடைத்த பின்னரே ஓட்டம் நின்றது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 11-ஆம் நாள், ஜப்பானியர் கோலாலம்பூரில் நுழைந்தனர்.

இவ்விரவை அடித்தட்டில் காட்ட முனைவோர் செய்யும் முதற் பிழை, சேறு. மலாயா என்றதும் மழை, மழை என்றதும் சேறு என்று எண்ணி, டாங்கியைக் கழுத்தளவு சேற்றில் புதைத்து விடுகின்றனர். அந்த டாங்கிகள் வென்றதற்குக் காரணமே அவை தார்ச்சாலையை விட்டு இறங்காமையாகும். கருஞ்சாலை, அதன் இருமருங்கும் செம்மண் ஓரம், ஓரத்தை அடுத்துக் காடு அல்லது ரப்பர்த் தோட்டம்: இதுவே அந்நிலம். சங்கிலிச் சக்கரத்தில் சிறிது செம்மண் ஒட்டியிருக்கலாம். மேலே ஏறியிருக்க இடமில்லை. இரண்டாம் பிழை, தூசி. வட ஆப்பிரிக்கப் பாலைப் போரைக் காட்டும் கையேட்டைப் பார்த்து வெளிர்மஞ்சள் தூளைத் தூவுவோர் உளர். ஈரமான செம்மண் கருஞ்சிவப்பாய் மின்னும், வெளிறாது. மூன்றாவது, கடையில் பொட்டலமாக விற்கும் காய்ந்த புற்கொத்து. அதனை மலாயா டாங்கியின் அருகே நட்டால், அது வழுவின்பாற்படும் திணைமயக்கமே ஆகும். வஞ்சித்திணை முல்லைக்குப் புறன் என்றார் தொல்காப்பியர். மண் கொள்ள வரும் படையெடுப்பைக் காட்டுநிலத்தோடு சேர்த்துவைத்த அந்நூற்பாவுக்குச் சிலிம் ரிவர் நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆனால் அங்கிருந்த காட்டின் ஒரு பகுதி, காடு அன்று.

ஆம், அது தோட்டம். கித்தா மரங்கள் நூல் பிடித்தாற்போல் நிரைநிரையாக நிற்கும் தோட்டம். காட்டைக் காட்டக் கடற்பஞ்சைத் துணுக்கி ஒட்டினால் போதும். தோட்டத்தைக் காட்ட அது போதாது. மரத்தின் பட்டையில் சாய்வாக வெட்டிய கோடு வேண்டும். கோட்டின் கீழே பால் வடியும் மங்கு வேண்டும். கிளைகள் உயரத்தில் கூடுவதால் தரையில் நிழல் அதிகம், புதர் குறைவு. ஆதலின் நிரைகளுக்கிடையே கண் நெடுந்தொலைவு செல்லும், மரத்தின் பின் ஆள் மறையவும் கூடும். போர்முறைக்கே அடிப்படையான இவ்வேறுபாட்டைக் காட்டாத அடித்தட்டு, வண்ணத்தில் எத்துணைச் சிறந்ததாயினும், பொய் கூறுகிறது. தோட்டத்தை ஒட்டி லயன் வீடுகள் இருந்தன. இத்தகைய தோட்டங்களில் பால் வெட்டியோர் பெரும்பாலும் தமிழர். டாங்கி ஓடிய வேளையோ, அவர்கள் பெரட்டுக்கு எழும் வேளைக்குச் சற்று முன்பு. போரைச் சிறுத்துக் காட்டும் பலகைகளில் லயத்தின் ஒரு தகரக் கூரையைக்கூடக் காண்பது அரிது. படை கடந்து சென்ற பின்னும் அம்மக்களின் போர் முடியவில்லை; 1942-43-இல் சயாம் மரண ரயில்பாதைக்குப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டோர் இத்தகைய லயங்களினின்றும் போனவரே. டாங்கியின் ஆணியை எண்ணும் கண்ணுக்கு மூன்றங்குலத்துக்கு அப்பால் நின்ற வீடு தெரியாமற் போவதே இக்கலையின் பெருங்குறை.

இனி, உரிப்பொருள். பீரங்கிக் குழுவை அமைப்பதில்தான் கலைஞனின் தரம் வெளிப்படும். ஜொகூரில் பக்ரி என்னுமிடத்தில் 1942 ஜனவரி 18-ஆம் நாள் ஆஸ்திரேலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஒன்பது ஜப்பானிய டாங்கிகளை அழித்தன. அந்நிகழ்ச்சியின் புகைப்படம் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளது: சாலையில் பீரங்கி, அதனருகே வீரர், அப்பால் அழிந்த டாங்கி. அங்கே பயன்பட்ட 2-பவுண்டர் பீரங்கியின் குழல்வாய் 40 மில்லிமீட்டர். குறுவடிவில் ஊசித்துளை அளவே. சக்கரத்தைக் கழற்றி மூன்று கால்களில் அமர்த்தினால் எத்திசையும் சுழலக்கூடியது அது. அதன் காப்புத் தகடு தாழ்ந்தது. ஆகவே குழுவினர் அனைவரும் மண்டியிட்டோ குனிந்தோ இருத்தல் வேண்டும். குறிபார்ப்பவன் கண்ணாடியில் கண் பதித்தவன், குண்டு இடுபவன் கையை நீட்டியவன், அடுத்த குண்டை எடுப்பவன் முதுகைத் திருப்பியவன். இவர்களுள் ஒருவன் நிமிர்ந்து நின்று பார்வையாளரை நோக்கினாலும் காட்சி குலைந்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்த உருவங்களை எடுத்தவாறே ஒட்டுவோர் இதனைக் கருதுவதில்லை. கழுத்தைச் சிறிது அறுத்துத் திருப்பி ஒட்டுவது சிறு வேலைதான். நால்வரும் ஒரே செயலில் ஈடுபட்டவர் ஆகிவிடுவர். நல்ல குழுவுக்கும் வெறுங்கூட்டத்துக்கும் உள்ள வேற்றுமை அது.

புகைப்படம் உள்ள போரே திரும்பத் திரும்பப் படைக்கப்படுகிறது என்பதும் ஆராயத்தக்கது. மலாயாவில் இந்திய வீரர் இயக்கிய பீரங்கிகளும் இருந்தன. 22-ஆம் மலைப்பீரங்கி ரெஜிமெண்டின் 3.7 அங்குல ஹவிட்சர், கழற்றிப் பல சுமைகளாகக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றத்தக்கது. சிற்றுருவுக்கு இதனினும் அழகிய பொருள் அரிது. ஜெர்மானிய டாங்கிகளுக்குக் கிடைக்கும் வகைவகையான உருவங்களில் நூற்றில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வண்ணத்தில் இடர் உண்டு. தோல்நிறம் என்று பெயர் ஒட்டிய குப்பியில் பெரும்பாலும் இருப்பது வெளிர்சிவப்பு. அதனோடு சிறிது பழுப்பைக் கலந்து எல்லா இந்திய முகங்களுக்கும் ஒரே பூச்சாகப் பூசிவிடுவது வழக்கமாகிவிட்டது. கூர்க்காவின் முகமும் பஞ்சாபியின் முகமும் ஒன்றல்ல. செலாயாங் சந்தையில் ஒரு நாழிகை நின்று பார்த்தவனுக்கு எத்தனை வகைப் பழுப்பு உண்டு என்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை; பார்த்ததைத் தூரிகைக்குக் கொண்டுவரும் பொறுமையே வேண்டும்.

கொலையை விளையாட்டுப் பொருளாக்கலாமா என்னும் வினாவைத் தட்டிக் கழித்தல் இயலாது. பக்ரியில் வென்ற ஆஸ்திரேலியரும் அவர்களோடு நின்ற 45-ஆம் இந்தியப் பிரிகேடும் பின்வாங்கியபோது பாரிட் சூலோங்கில் வழியடைபட்டனர். ஜனவரி 22-ஆம் நாள் அங்கே விட்டுச்செல்லப்பட்ட காயமுற்றோர் ஏறத்தாழ 150 பேரை ஜப்பானியர் கொன்றனர். ஒன்பது டாங்கிகளை அழித்த காட்சி மேசையில் விளையாட்டாகிறது; நான்கு நாள் கழித்து நடந்தது ஆவதில்லை, ஆகவும் கூடாது. இவ்வெல்லையை நல்ல கலைஞர் சொல்லாமலே அறிவர். ஆயினும் போரை உருவில் அமைத்தல் என்பதே இழிந்ததன்று. செங்கம் வட்டத்து நடுகற்களில் வில்லேந்திய வீரனும் வாளேந்திய வீரனும் ஒரு கல்லளவுக்குள் சிறுத்து நிற்கின்றனர். அவர்களை அங்கே நிறுத்தியது விளையாட்டு நோக்கமன்று. அக்கற்களில் வீரன் பெயரும், அவன் பட்ட நிகழ்ச்சியும், ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டும் வெட்டப்பட்டுள்ளன. சிற்றுருவம் நடுகல்லினின்று பிரிவது இங்கேதான். ஓரங்குல வீரனுக்குப் பெயரில்லை. தைப்பிங் போர்க் கல்லறையில் கிடப்போரிலும் பெரும்பகுதியினர் பெயர் அறியப்படாதவரே.

பெயரைத் தர இயலாதவன் இடத்தையும் நாளையும் தரலாம். அடித்தட்டைக் கவிழ்த்தால் அடிப்புறம் வெறும் பலகை. அதில் பெரும்பாலோர் வண்ணக் குப்பியின் எண்ணைக் குறித்து வைக்கின்றனர். அவ்விடத்தில் 'துரோலாக், 7-1-1942, விடியலுக்கு முன்' என்று எழுதுவதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. எழுதத் தொடங்கியவன், தான் மேற்புறத்தில் நட்ட புல்லையும் தூவிய தூளையும் மறுமுறை நிமிர்த்திப் பார்ப்பான்.