கேள்வியின் இரு இலக்கணங்கள்: சமூக வானொலி உரையாடல்களில் உள்ளாட்சித் தலைவரும் நாட்டார் கலைஞரும்

முன்னுரை

சமூக வானொலி குறித்த நம் ஆய்வுகள் பெரும்பாலும் அதன் பயனையே அளந்துவந்துள்ளன. வேளாண் தகவல் உழவரைச் சென்றடைந்ததா, மகளிர் பங்கேற்றனரா என்பன அவற்றின் வினாக்கள். அவை தேவையான வினாக்களே. எனினும், அவ்வானொலியில் நிகழும் உரையாடலை ஒரு வடிவமாகக் கொண்டு, அதில் யாரிடம் எது கேட்கப்படுகிறது, எது கேட்கப்படுவதில்லை என்று நோக்குவது திறனாய்வின் கடமையாகும். இக்கட்டுரை அவ்வானொலியின் விருந்தினருள் இருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் உள்ளூர் அரசியலாளர். மற்றவர் நாட்டார் இசைக் கலைஞர். இவ்விருவரிடமும் நாம் இரு வேறு இலக்கணங்களில் கேள்வி கேட்கிறோம் என்பதும், அப்பிரிவு இருவருக்குமே கேடு செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தமிழ்நாட்டுச் சமூக வானொலியும், நான் வாழும் ஆஸ்திரேலியாவின் சமூக நிலையங்களில் நேரம் பெற்று நடத்தப்படும் தமிழ் ஒலிபரப்பும் இங்கு நோக்கப்படுகின்றன.

சட்டம் வகுத்த எல்லை

வான் அலைகள் பொதுச் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் கல்வி நிறுவனங்களுக்குச் சமூக வானொலி உரிமம் வழங்கும் கொள்கை 2002ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தன. பொதுவாக 100 வாட் ஆற்றல், 30 மீட்டருக்கு மேற்படாத அலைவாங்கிக் கோபுரம், நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் அமைதல் ஆகியவை அவற்றின் விதிகள். சில ஊர்களைச் சுற்றி மட்டுமே கேட்கும் வானொலி என்பதே அதன் பலம்.

அதே நெறிமுறைகள், செய்தியும் நடப்பு நிகழ்வும் அரசியல் தன்மையும் கொண்ட நிகழ்ச்சிகளைத் தடைசெய்தன. மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் முதலியன பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பு செய்தியாகக் கருதப்படுவதில்லை. இதன் விளைவு நுட்பமானது. குடிநீர் எப்போது வரும் என்று நிர்வாகம் அறிவிக்கலாம்; ஏன் வரவில்லை என்று பாடகி ஒருத்தி கேட்டால் அது அரசியல் ஆகிவிடுமோ என்று நிலையத்தார் அஞ்சுகின்றனர். தலைவர் 'நலத்திட்டம்' என்ற பெயரில் உள்ளே வருகிறார். கலைஞர் 'பண்பாடு' என்ற பெயரில் உள்ளே வருகிறார். இருவரும் தத்தம் வாயிலை விட்டு விலகாதிருக்குமாறு கேள்விகள் அமைக்கப்படுகின்றன.

இவ்வச்சம் முழுவதும் சட்டத்தால் நேர்ந்ததன்று. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடைபெறுவது. கட்சி சாராத ஒருவரிடம் அவருடைய ஊராட்சியின் தெருவிளக்கைப் பற்றியும் இடுகாட்டுப் பாதையைப் பற்றியும் கேட்பதைக் கட்சி அரசியல் என்று கொள்ள இயலாது. நெறிமுறையின் சொற்களைக் காட்டிலும் நம் கேள்விப் பழக்கமே குறுகியிருக்கிறது.

இருவகைக் கேள்விகள்

தலைவரிடம் வழக்கமாகக் கேட்கப்படுவன: "என்னென்ன பணிகள் முடிந்துள்ளன? அடுத்த திட்டம் என்ன? நேயர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" கலைஞரிடம் கேட்கப்படுவன: "எத்தனை வயதில் பாடத் தொடங்கினீர்கள்? யாரிடம் கற்றீர்கள்? இந்தக் கலை அழிந்துவருகிறதே? ஒரு பாட்டுப் பாடுங்களேன்." முன்னவரின் காலம் எதிர்காலம், பின்னவரின் காலம் இறந்தகாலம். நிகழ்காலத்தில் அமைந்த கேள்வி இருவரிடமும் அரிதாகவே எழுகிறது.

விளிப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. முன்னவர் 'தலைவர் அவர்கள்'; பின்னவர் 'பாட்டி', 'அண்ணே'. உறவுமுறையில் விளிப்பது அன்பின் அடையாளமே. ஆனால் அவ்வன்பு கலைஞரைத் துறையறிந்தவராக நடத்தும் மரியாதைக்கு மாற்றாகிவிடும்போது ஐயம் எழுகிறது. தலைவரின் வாக்கியம் முடியும்வரை நெறியாளர் காத்திருக்கிறார்; பாடலோ அடுத்த அறிவிப்புக்காகப் பாதியில் ஒலி குறைக்கப்படுகிறது. பாட்டு தகவலன்று, இடைவெளியை நிரப்பும் பொருள் என்ற எண்ணமே இச்செயலின் அடியில் உள்ளது. கொல்லங்குடி கருப்பாயி போன்றோரின் குரலை ஊர் கடந்து கொண்டுசென்ற பெருமை வானொலிக்கு உண்டு. குரலைக் கொண்டுசென்ற அளவுக்கு அக்குரலுக்குரியவரின் கருத்தைக் கொண்டுசென்றதா என்பதே வினா.

பறையும் ஊராட்சியும்

இப்பிரிவு எத்துணைச் செயற்கையானது என்பதைப் பறை காட்டும். ஊர்ச்செய்தியைத் தெருத்தெருவாக அறிவித்த தண்டோராக்காரரே நம் முதல் உள்ளூர் ஒலிபரப்பாளர். நிர்வாகத்தின் குரல் அவர் தோளில் தொங்கிய கருவியின் வழியாகவே மக்களை எட்டியது. 2022 ஆகஸ்டில், தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தினார். வாகன ஒலிபெருக்கி அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்டது. சாதியால் சுமத்தப்பட்ட இழிவை நீக்கும் நோக்கில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் அக்கருவியை இசைத்தவரின் வருவாய் யாது, சாவு வீட்டில் அடிக்க மறுப்பவருக்கு ஊரில் என்ன நேர்கிறது, மேடையில் அடிக்கும்போது அதே பறைக்குக் கிடைக்கும் மதிப்பு தெருவில் ஏன் கிடைப்பதில்லை என்பன இன்னும் விடை காணாதவை. இவை கலைஞரிடம் மட்டுமின்றி ஊராட்சித் தலைவரிடமும் கேட்க வேண்டியவை.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியலினத்தாருக்கு ஒதுக்கப்பட்டமையால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடைபெற இயலாதிருந்ததை நாம் அறிவோம். அத்தகைய நிலத்தில் பறையைப் 'பழம்பெருங்கலை' என்று மட்டும் அறிமுகப்படுத்துவது, அதை அடித்தவரின் வரலாற்றைக் கருவியிலிருந்து கழற்றி வைப்பதாகும்.

இதற்கு மாறான முன்மாதிரி வேறொரு மாநிலத்தில் உண்டு. இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் 2008 அக்டோபர் 15 அன்று தொடங்கிய சங்கம் ரேடியோவைத் தலித் பெண்களே நடத்திவந்துள்ளனர். விதையைப் பற்றிப் பாடுபவரும் விதையைப் பற்றிப் பேசுபவரும் ஒலிப்பதிவுக் கருவியை இயக்குபவரும் அங்கு ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பாட்டு அங்குப் பேச்சின் ஓய்வாக இல்லை. பேச்சின் தொடர்ச்சியாக உள்ளது.

கட்டியங்காரனின் இடம்

நேர்காணல் மேலைநாட்டு இதழியலிலிருந்து நமக்கு வந்த வடிவம் என்று கொள்வது வழக்கம். ஆனால் வினவும் பாத்திரம் நம் நிகழ்த்துகலைகளில் முன்னரே உண்டு. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வரும் அரசனை நோக்கி, நீர் யார், எந்நாட்டவர், எதற்காக வந்தீர் என்று கட்டியங்காரன் கேட்கிறான். அவன் அரசனின் புகழைச் சொல்பவன். அடுத்த நொடியே அதே அரசனை எள்ளவும் செய்பவன். ஊரில் அவ்வாரம் நடந்ததைக் கதைக்குள் கொண்டுவருபவனும் அவனே. வில்லுப்பாட்டில் உடன் பாடுவோர் 'ஆமா' போடுவதோடு நில்லாது, குறுக்கே கேள்வி கேட்டுக் கதையை நடத்துகின்றனர். நாட்டார் கலைஞர் கேட்கப்படுபவர் மட்டுமல்லர், கேட்கத் தெரிந்தவரும் ஆவார் என்பதை இவ்வடிவங்கள் மெய்ப்பிக்கின்றன.

அங்ஙனமாயின், ஊராட்சித் தலைவரையும் கூத்துக் கலைஞரையும் ஒரே அரங்கில் அமர்த்தி, தலைவரிடம் கேள்வி கேட்கும் பொறுப்பைக் கலைஞரிடம் ஒப்படைப்பது ஏன் இயலாது? தன்னார்வலர்களால் நடத்தப்படும் சிறு நிலையம் உரிமத்தைப் பணயம் வைக்க முடியாது என்ற மறுப்பு நியாயமானது. எனினும் கட்டியங்காரனின் கேள்வி குற்றச்சாட்டன்று. வந்தவரின் ஊரையும் பொறுப்பையும் அவர் வாயாலேயே சொல்லவைப்பது அது.

புலம்பெயர் ஒலிபரப்பில்

ஆஸ்திரேலியாவில் இச்சட்டத் தடை இல்லை. சமூக நிலையம் அரசியல் பேசலாம். தேர்தல் காலத்தில் தேர்தல் தொடர்பானவற்றை ஒலிபரப்பினால், போட்டியிடும் கட்சிகளுக்கு நியாயமான வாய்ப்புத் தரவேண்டும் என்பதே விதி. ஆயினும் நம் தமிழ் மணிநேரங்களில் அதே இரு இலக்கணங்கள் நீடிக்கின்றன. நகரவை உறுப்பினர் பொங்கலன்று வருகிறார்; 'வணக்கம்' சொல்கிறார்; தமிழர் உணவைப் பாராட்டுகிறார். முதியோர்க்கான தாய்மொழிப் பராமரிப்பு பற்றியோ, சமூகக் கூடத்தின் வாடகை பற்றியோ அவரிடம் கேட்பது விருந்தோம்பலுக்கு ஒவ்வாததாகக் கருதப்படுகிறது. பறை பயிலும் இளையோரிடம் தொல்காப்பியம் பறையைக் கருப்பொருளாகச் சுட்டுவது பற்றிக் கேட்கிறோம். அக்கருவி யாருடைய கைகளில், எத்தகைய அவமதிப்புக்கிடையே உயிரோடிருந்தது என்று கேட்பதில்லை. தொன்மை பெருமை தருகிறது. சாதி சங்கடம் தருகிறது. தடை எதுவும் இல்லாத நாட்டிலும் நாமே ஒரு தடையை விதித்துக்கொண்டிருக்கிறோம்.

அழியும் ஒலிகள்

இதனினும் கவலைக்குரியது பாதுகாப்பு. இந்திய நெறிமுறைகள் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் காத்துவைக்கப் பணித்தன. ஆஸ்திரேலியச் சட்டம் அரசியல், நடப்பு நிகழ்வு சார்ந்த ஒலிபரப்பின் பதிவை ஆறு வாரம் வைத்திருக்கச் சொல்கிறது. முறையீடு வந்தால் 60 நாள். இரண்டின் நோக்கமும் புகாரை விசாரிப்பதே. நினைவைக் காப்பது அன்று. ஆஸ்திரேலிய விதியின்படி நகரவை உறுப்பினரின் அரசியல் பேச்சுக்காவது ஆறு வார ஆயுள் உண்டு. ஒப்பாரி பாடிய மூதாட்டியின் குரலுக்கு அதுவும் இல்லை. நா. வானமாமலை 1960களில் திரட்டி அச்சேற்றிய நாட்டுப்பாடல்கள் இன்றும் நம் கையில் உள்ளன. சென்ற ஆண்டு ஒலிபரப்பான பாடல் நம்மிடம் இல்லை.

நிறைவுரை

மேற்கண்ட நோக்கிலிருந்து மூன்று பரிந்துரைகளை இம்மாநாட்டின் முன் வைக்கிறேன். முதலாவது, கேள்விகளை இடம் மாற்றுதல்: கலைஞரிடம் கூலி, நல வாரியப் பதிவு, கிராம சபையில் பேசிய அனுபவம் ஆகியவற்றையும், தலைவரிடம் அவர் ஊரின் பாடல்களையும் அவற்றைப் பாடுவோரின் நிலையையும் கேட்டல். இரண்டாவது, பாடலை முழுமையாக ஒலிக்கவிட்டு, அதன் பொருளைப் பாடியவரிடமே கேட்டல். மூன்றாவது, வெட்டப்படாத மூலப்பதிவை, பேசியவரின் ஒப்புதலுடன், பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகிய குறிப்புகளோடு ஆய்வு நூலகங்களில் சேர்த்தல். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனம் போன்றவற்றோடு நிலையங்கள் உடன்பாடு செய்துகொள்ளலாம். இங்குக் கூடியுள்ள பேராளருள் பலர் தத்தம் நகரின் தமிழ் ஒலிபரப்போடு தொடர்புடையவர்கள். மூன்றாம் பரிந்துரைக்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒலிபரப்பு முடிந்த இரவில் கோப்பை அழிக்கும் முன் ஒரு படி எடுத்து, அட்டவணைக் குறிப்பு எழுதும் ஒருவர் போதும்.