முருகைக்கல் வீடுகள் (இராமநாதபுரம் கடற்கரை)

முருகைக்கல் வீடுகள் என்பவை மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலிருந்து எடுத்த கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொண்டு எழுப்பப்பட்ட பழைய கட்டடங்கள். உச்சிப்புளி, மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் கடற்கரையிலும், தெற்கே தூத்துக்குடி வரையிலும் இக்கல் கட்டுமானத்துக்குப் பயன்பட்டது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் இதே கல்லைக் காணலாம்.

பெயர்

இணையத்தில் பலர் இதைப் ‘பவளக்கல்’ என்று எழுதுகின்றனர். நகைக்கடையில் விற்கும் சிவப்புப் பவளம் வேறு உயிரினத்தின் எச்சம். வீடு கட்டப் பயன்பட்டது வெளிர் நிறமுள்ள, துளைகள் நிறைந்த சுண்ணக்கல். பவளத்தால் வீடு கட்டிய செல்வச் செழிப்பு என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. ஈழத்துப் பாடநூல்களில் வழங்கும் ‘முருகைக்கல்’ என்ற சொல்லே பொருத்தமானது. இக்கட்டுரையும் அதையே கையாள்கிறது.

கல்லும் காரையும்

உச்சிப்புளி அமைந்துள்ள நிலப்பகுதி ஒடுங்கியது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண் மணற்பாங்கானது, வெட்டி எடுக்கக் கருங்கல் மலை எதுவும் அருகில் இல்லை. பனையும் கடலும்தான் உண்டு. ஆகவே கூரைக்குப் பனங்கையும் ஓலையும், வசதியுள்ளவர் வீட்டில் நாட்டு ஓடும், சுவருக்குக் கடற்கல்லும் என்று அமைந்தது இயல்பானதே.

பாறையாகத் திரளும் பவளம் கட்டுக்கல்லாகப் பயன்பட்டது. கிளைவிட்டு வளரும் வகை காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கப்பட்டது. கடலிலிருந்து எடுத்த புதிதில் இக்கல் செதுக்க எளிதாக இருக்கும். வெயிலில் காய்ந்தால் இறுகும். மாலத்தீவின் சிற்பிகள் இந்தத் தன்மையைக் கொண்டே பள்ளிவாசல் சுவர்களில் நுண்வேலைப்பாடு செய்தனர். மாலே நகரின் 1658-ஆம் ஆண்டுப் பள்ளிவாசல் அதற்குச் சான்று.

கல்லில் உள்ள துளைகளில் காற்று அடைந்திருப்பதால் சுவர் எடை குறைந்ததாகவும், வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதாகவும் இருக்கும். தடித்த சுவருள்ள வீட்டின் உள்ளறை பங்குனி, சித்திரையிலும் தணிவாக இருப்பதன் காரணம் இது. ஆனால் அதே துளைகள்தாம் இதன் பலவீனமும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி, துளையின் சுவரை உள்ளிருந்து நெருக்கி உடைக்கிறது. கல் மாவாக உதிர்கிறது.

சுண்ணாம்புப் பூச்சு இதற்கு விடையாக இருந்தது. பழைய கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து அரைத்த காரை ஈரத்தை வெளியே விடும். உப்பு பூச்சில் படிந்து, பூச்சு உதிரும், கல் பிழைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும், அவ்வளவுதான். இன்று ‘பழுதுபார்த்தல்’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் சிமெண்டுப் பூச்சு. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. வெளியே சுவர் பளபளப்பாக இருக்கும். உள்ளே கல் கரைந்துகொண்டிருக்கும். ஒன்றும் செய்யாமல் விட்ட சுவரைவிட, நல்லெண்ணத்துடன் சிமெண்டு பூசிய சுவர் விரைவில் கெடுவது இந்தக் கட்டடங்களுக்கு நேர்ந்துள்ள பெரிய அவலம்.

கடல் கொடுத்த விலை

இவ்வீடுகளைப் பற்றி எழுதுவோர் அழகையும் குளிர்ச்சியையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. வீடுகளுக்காக எடுத்தது போக, சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் பவளப்பாறைகள் நீண்டகாலம் வெட்டப்பட்டன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின. பவளப்பாறை அகழ்வே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அலையைத் தடுக்கும் பாறை போனால் மணல்தீவு நிற்காது.

1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 2001-இல் பாறை உருவாக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இது மிகச் சரியான முடிவு. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. இதன் பொருள், இனிப் புதிய முருகைக்கல் கிடையாது என்பது. எனவே ஒரு பழைய சுவரைச் சீர்செய்ய வேண்டுமானால், இடிந்துபோன மற்றொரு சுவரின் கல்தான் வழி. ஆனால் வீடு இடிக்கப்படும்போது அந்தக் கல் பள்ளம் நிரப்பும் கழிவாகவே பார்க்கப்படுகிறது. கடலிலிருந்து ஒரு துண்டு எடுப்பது குற்றம்; கடல் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட கல்லைக் குப்பையில் கொட்டுவதைக் கேட்பார் இல்லை. இந்த முரண்பாடு பாதுகாப்பு பற்றிய பேச்சில் இடம்பெறுவதே இல்லை.

தனுஷ்கோடி: காட்சிப் பொருளான இடிபாடு

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தேவாலயத்தின் முருகைக்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் அவற்றின் முன் நின்று படம் எடுப்போர் பெருகினர். முருகைக்கல் என்றாலே இந்த ஒரு காட்சிதான் நினைவுக்கு வருமளவுக்கு அது பரவிவிட்டது.

இதில் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, கூரை இல்லாத சுவரின் மேல்விளிம்பு ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நேராக நனைகிறது. முருகைக்கல் கட்டடம் கூரை போனவுடன் சாகத் தொடங்குகிறது. படங்களில் தெரிவது நிலைத்து நிற்கும் நினைவுச் சின்னமன்று, கரைந்துகொண்டிருக்கும் ஒன்று. மற்றது, இடிபாடு பெறும் கவனத்தில் சிறு பங்குகூட மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்குக் கிடைப்பதில்லை.

குடியிருக்கும் வீடுகள்

இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் உள்ள ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் வீடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுண்ணக்கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டது என்று அவரே தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். இன்று அது காட்சியகம். வருவோர் அவருடைய விருதுகளையும் படங்களையும் பார்த்துச் செல்கின்றனர். அந்த மனிதருக்கு அது தகும். எனினும் இக்கடற்கரையின் ஒரு நடுத்தரக் குடும்பம் எவ்வாறு வீடு கட்டியது என்பதைக் காட்டப் பூச்சில்லாத ஒரு சாண் சுவரை விட்டுவைத்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்தால், மாணவர்களுக்கு அது பெரிய பாடமாக இருக்கும்.

1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் கோயில், கோட்டை போன்ற சின்னங்களை நோக்கியவை. 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் சாதாரணக் கட்டடங்களையும் கருத்தில் கொள்ள இடம் தருகிறது. ஆனால் வீட்டுக்காரருக்குத் தேவை தடையாணை அன்று. ஓட்டை மாற்றப் பணம், காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார், மூன்று தலைமுறைக்குப் பின் பிரிந்துகிடக்கும் பாகத்தை ஒன்றாக்கும் உடன்பாடு ஆகியவையே தேவை. இவை இல்லாமல் ‘இடிக்காதே’ என்று மட்டும் சொன்னால், வீடு பூட்டிக் கிடந்து தானாக விழும்.

கென்யாவின் லாமு (உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2001), சான்சிபாரின் கல்நகரம் (2000) ஆகியவை முருகைக்கல்லால் ஆன நகரங்கள். மக்கள் இன்னும் அவற்றில் வாழ்கின்றனர். சூடானின் சுவாக்கின் துறைமுகமோ வணிகம் வேறு துறைமுகத்துக்கு மாறியபின் ஆளரவமற்று, வீடுவீடாகச் சரிந்தது. புதுமடம், வேதாளை போன்ற உச்சிப்புளி வட்டார ஊர்களில் எத்தனை முருகைக்கல் சுவர்கள் கூரையுடன் நிற்கின்றன என்ற கணக்கெடுப்பை, அளவுநாடாவும் கைப்பேசியும் கொண்டு அவ்வூர்ப் பள்ளி மாணவர்களே ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கலாம்.