ஒன்பது மீட்டர் யாருக்காக?

திண்டிவனத்தில் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியிலிருந்து திந்திரிணீஸ்வரர் கோயில் கோபுரம் தெரியும். சாயங்காலம் துணி எடுக்கப் போகும்போது அப்படியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவார். இரண்டு வருஷத்துக்கு முன் நடுவில் ஒரு வீட்டுக்காரர் இன்னும் இரண்டு மாடி எடுத்தார். கோபுரம் போச்சு. "மதுரையில இருக்குற மாதிரி இங்கயும் ஒரு லிமிட் போடணும்டா" என்பது அன்றிலிருந்து அவர் பல்லவி.

மதுரை விதி இதுதான்: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் எந்தக் கட்டடமும் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. 1997-இல் அரசாணை வந்தது. மீறல்கள் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குகளும் நடந்தன. கோபுரம் மறையக்கூடாது என்பதுதான் நோக்கம் என்று பொதுவாகச் சொல்கிறோம். 9 மீட்டர் அதைச் செய்கிறதா? பெரியப்பா சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் கணக்கைப் போட ஆரம்பித்தேன்.

தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். தெருவில் நிற்கும் ஆளின் கண் 1.5 மீட்டர் உயரத்தில். தெரு அகலம் 6 மீட்டர், எதிரே 9 மீட்டர் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்த முக்கோணங்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான். கோபுரத்திலிருந்து 40 மீட்டர் தள்ளிப் போனாலே அதன் உச்சிகூடத் தெரியாது. சரி, எதிரே 4 மீட்டர் உயர ஒற்றை மாடி வீடுதான் இருக்கிறது என்றால்? 120 மீட்டர் வரைக்கும்தான். 1 கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு 9 மீட்டர் வீட்டுக்கு மேலே கோபுரம் தெரிய வேண்டுமென்றால் அவருக்கு முன்னால் 150 மீட்டர் வெட்டவெளி வேண்டும். பழைய மதுரையில் அதற்கு எங்கே போவது?

கோபுரத்தை நேராகப் பார்த்துப் போகும் தெருக்களில் கோபுரம் தெரியும். ஆனால் அது தெரு நேராக இருப்பதால். இருபக்க வீடுகளின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆக, தெருவில் நடப்பவருக்கு இந்த விதியால் அனேகமாகப் பயன் இல்லை. பிறகு யாருக்கு?

மொட்டை மாடியில் நிற்பவருக்கு. எல்லார் மாடியும் 9 மீட்டர் என்றால் எல்லாருக்கும் கோபுரம் தெரியும். ஒருத்தர் மட்டும் 18 மீட்டருக்குக் கட்டினால், அவருக்கு 20 மீட்டர் பின்னால் மாடியில் நிற்பவருக்குக் கோபுரம் 110 மீட்டருக்குள் இருந்தால்தான் உச்சியாவது தெரியும். அதாவது இது அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் மாதிரி. ஒருத்தர் மீறினால் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் நஷ்டம், விதிப்படி கட்டினவர் ஏமாளி. வழக்குகள் ஏன் இவ்வளவு சூடாக இருக்கின்றன என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. பெரியப்பா இழந்ததும் சரியாக இதைத்தான். கணக்கு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

"நடு ஊரில் இடத்தை வீணாக்குகிறோமே" என்பது எதிர்வாதம். அலன் பெர்டோ, ஜான் ப்ரூக்னர் இருவரும் பெங்களூரை வைத்து எழுதிய ஆய்வு இந்த வகையில் பிரபலம். உயரத்தைக் கட்டுப்படுத்தினால் ஊர் வெளியே பரவும், கடைக்கோடியில் இருப்பவருக்குப் போக்குவரத்துச் செலவு கூடும், அந்தக் கூடுதலே நஷ்டத்தின் அளவு என்கிறார்கள். ஆனால் சின்ன மனைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரையிலான கட்டடங்களுக்கு தளப்பரப்புக் குறியீடு பொதுவாக 2. மனையில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக் கட்டினால் மூன்று தளத்திலேயே அது தீர்ந்துவிடும். மூன்று தளம் என்றால் ஏறக்குறைய அதே 9 மீட்டர்தான். கையைக் கட்டிப்போடுவது பெரிய மனைக்காரர்களை: லாட்ஜ், ஜவுளிக்கடை, வணிக வளாகம்.

என் குறை 9 என்ற எண் மேல் இல்லை, அந்த வட்டத்தின் மேல். 990 மீட்டரில் 9 மீட்டர்தான், 1,010 மீட்டரில் அந்தத் தடையே இல்லை. கோபுரம் தெரிவதற்கும் இந்தக் கோட்டுக்கும் என்ன தொடர்பு? வைகைக் கரை மாதிரி திறந்த இடத்தில், கோபுரத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு 300 மீட்டர் முன்னால் இருக்கும் 9 மீட்டர் கட்டடமே கோபுரத்தின் கீழ் 39 மீட்டரை மறைத்துவிடும். பார்வை முக்கியமான இடத்தில் 9 அதிகம். பார்வையே இல்லாத சந்தில் 9 வீண் கெடுபிடி.

லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்காக 1938-லிருந்து வேறு வழி: எங்கிருந்து தெரிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அந்தப் பார்வைக் கோட்டின் கீழே ஒவ்வொரு மனைக்கும் உயரம் குறித்தார்கள். வாஷிங்டனின் 1910 சட்டம் தெரு அகலத்தோடு 20 அடி கூட்டி உயரத்தை வைத்தது. இரண்டிலும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்கிறது.

நம் மாவட்டத்துச் செஞ்சியிலும் வட்டம்தான்: மத்தியத் தொல்லியல் சட்டப்படி 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டர் அனுமதியோடு. ஆனால் ராஜகிரி மலையை எந்த மாடிவீடும் மறைக்கப்போவதில்லை. அங்கே காக்க வேண்டியது கோட்டையை ஒட்டிய மண்ணையும் சுவரையும். அதற்குத் தூரக் கணக்கு பொருந்தும்.

திண்டிவனத்துக்கு விதி கேட்டால் நான் கேட்பது இதுதான்: எந்தெந்த இடத்திலிருந்து கோபுரம் தெரிய வேண்டும் என்று முதலில் பட்டியல் போடுங்கள். உயரம் தானாக வரும். மொட்டை மாடியும் பட்டியலில் உண்டு என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "கணக்கெல்லாம் சரி, நீ எத்தன மாடி எடுக்கப்போற?" என்றார். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது மாடிக்கு அப்ரூவல் வாங்கி வைத்திருக்கிறேன். பின்வீட்டுக்காரர் தன் மாடியிலிருந்து எதைப் பார்க்கிறார் என்று இதுவரை கேட்டதில்லை.