கேட்காமலே ஆட்டிய தலை

டேவிட் லாட்ஜின் 'டெஃப் சென்டன்ஸ்' (2008) நாவலில், ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர் டெஸ்மண்ட், இரைச்சலான ஒரு விருந்தில் இளம்பெண் ஒருத்தி சொல்வது காதில் விழாமலே தலையாட்டி வைக்கிறார். அவளுடைய ஆய்வுக்கு உதவ ஒத்துக்கொண்டது பிறகுதான் தெரிகிறது.

காதுல மெஷின் மாட்டியிருக்கும் எனக்கு இது வெறும் காமெடி இல்லை. 'என்னது?' என்று மூணாவது தடவை கேட்க யாருக்கு மனசு வரும்? மெஷின் சத்தத்தைக் கூட்டும், அவ்வளவுதான். பாட்டா, பாக்கா, பாப்பாவா என்று ஊகித்தே சாயங்காலத்துக்குள் அசந்துபோவோம். லாட்ஜுக்கும் காது மந்தமாக இருந்தது. அந்த அசதி எழுத்தில் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் கதை சுவாரசியத்துக்காக இழுத்தது. நாவல் நிற்பது டெஸ்மண்டின் அப்பா வரும் பக்கங்களில். அவருக்கும் சரியாகக் கேட்காது. கேட்காத ரெண்டு பேர் கத்திக்கத்திப் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.