திரை தந்த சிறுவன்

காஞ்சி மாவட்டத்திலே, வாலாசாபாத்தை அடுத்துத் தென்னேரி என்றோர் ஊர் உண்டு. கடலெனப் பரந்த ஏரியே அவ்வூரின் செல்வம். 'திரையன் ஏரி' என்பதே தென்னேரி என மருவிற்று என்பர் ஆராய்ச்சியாளர். எந்தத் திரையன்? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடிப் புகழ்ந்த தொண்டைமான் இளந்திரையன்!

அவன் பிறப்புக்கு நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்லுகிறார். சோழன் ஒருவன் நாகநாட்டு நங்கையை மணந்தானாம். பிறக்கும் மகனுக்குத் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலிலே விடு, கரை சேர்ந்தால் நாடு தருவேன் என்றானாம். குழந்தை கரை சேர்ந்தது. திரை தந்ததால் திரையன் ஆயிற்று.

சோழன் பிலத்தின் வழியே நாகர் உலகம் புகுந்தான் என்னும் பகுதியைப் புராணப் பெட்டியிலேயே பூட்டி வைப்போம். நம்மை உறுத்துவது வேறு. அந்தக் கொடி அறுந்து அலையோடு போயிருந்தால்? கரையிலே அழுதது அதே குழந்தைதான். அப்போதும் அதற்கு நாடு கிடைத்திருக்குமா? உரையாசிரியருக்கு அந்த ஐயம் எழவேயில்லை. குருதியும் குறியும் ஒத்திருந்தன, கதை முடிந்தது! நாம் படித்த விளக்கங்களும் எந்தச் சோழன், எந்த நாகர்குலம் என்று மரபுவழி தேடுகின்றனவே தவிர, குழந்தையைத் தேடவில்லை. புறநானூற்றின் 185ஆம் பாட்டு இளந்திரையன் பாடியது. ஆட்சியை வண்டியோடு ஒப்பிட்டு, ஓட்டுபவன் திறனே வழியைத் தீர்மானிக்கும் என்று கூறும் பாட்டு. கரையொதுங்கிய குழந்தை கவிஞனானது எங்ஙனம்? யாரோ அதன் கையில் எழுத்தாணியைக் கொடுத்திருக்க வேண்டுமன்றோ! அந்த ஆசானுக்கு உரையிலே ஒரு வரிகூட இல்லை.

மணிமேகலையில் இதையொத்த கதை வருகிறது. மணிபல்லவத்திலிருந்து குழந்தையை ஏற்றி வந்த கப்பல் உடைந்தது என்கிறார் சாத்தனார். மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்று கருதுவோர் பலர். அந்தத் திசையிலிருந்துதான் 1983 முதல் படகுகள் மீண்டும் வந்தன. அவ்வாண்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினர். எந்தக் குழந்தையின் இடுப்பிலும் தொண்டைக்கொடி இல்லை. பிறப்புச் சான்று எரிந்த வீட்டோடு போயிற்று. மாற்றுச் சான்றிதழ் தரவேண்டிய பள்ளியே இடிந்து கிடந்தது.

ஆயினும் தமிழகத்துப் பள்ளிகள் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. அதைப் பெருமையோடு சொல்லலாம். 1984இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் துணையோடு, முகாமில் வாழ்ந்த படித்த இளைஞர்களே மாலை வகுப்பும் நடத்தினர். உரையாசிரியர் மறந்த ஆசான் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் தகரக் கொட்டகையின் கீழ் நின்று கொண்டிருந்தான்!

பெருமையை மட்டும் பேசி நிறுத்துவது நேர்மையாகாது. 1991இல் இதே காஞ்சி வட்டாரத்துத் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொலைக்குப் பின், அகதி மாணவரின் கல்வி வாயில்கள் ஒடுங்கின. 1996க்குப் பிறகே தளர்ந்தன. குண்டு வைத்தவர் யாரோ. குழந்தை செய்த குற்றம் என்ன?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் படியுங்கள், இளைஞர்களே! 'குடிமகன்' என்று அது சொல்லவில்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள 'ஒவ்வொரு குழந்தையும்' என்கிறது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக்கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் மறுக்கக்கூடாது. படிப்பு இடையில் நின்றுபோன குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தரவேண்டும். நச்சினார்க்கினியர் கதையினும் இந்தச் சட்டம் உயர்ந்தது என்போம். கொடியைக் கேளாமல் குழந்தையைப் பார்க்கிறது.

ஆனால் அந்தத் தனிப்பயிற்சியை யார் தருவது? முகாமை அடுத்த பள்ளியின் ஆசிரியர்தான். குண்டோசை கேட்டு வளர்ந்த குழந்தை, கதவு அறைந்து சாத்தினாலே மேசைக்கடியில் ஒடுங்கும். அதன் பேச்சைக் கேட்டுப் பக்கத்துப் பிள்ளை சிரிக்கும். இவ்விருவரையும் ஒரே பலகையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, நாற்பது பிள்ளைகளுக்கு உரிய வேலையோடு இதுவும் சேர்கிறது. அப்பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் தருக, மனநலம் அறிந்தவரை அனுப்புக என்று கேட்பது சலுகை வேண்டுவதாகுமா?

பள்ளி தாண்டியதும் கொடி மறுபடியும் கேட்கப்படுகிறது. 1987 சூலை முதல் நாளும் அதற்குப் பின்னும் இங்கே பிறந்தவர்க்கு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இல்லையெனில், பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019இன் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைச் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது. 2021இல் 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. 7,469 புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வரவேற்கிறோம். அந்த முகாமிலேயே பிறந்து, நம் பள்ளியில் பெரும்பாணாற்றுப்படை படித்து, பட்டமும் பெற்ற இளைஞனோ காலையில் சுவருக்கு வண்ணம் பூசப் புறப்படுகிறான்.