எக்ஸ்வி6: வாசித்தால் மட்டும் போதுமா?

பி.இ.யில் ஓ.எஸ். பாடத்தை மனப்பாடம் பண்ணித்தான் பாஸானேன். நாற்பது தாண்டிய பிறகு தென்காசி வீட்டில் உட்கார்ந்து எக்ஸ்வி6 படித்தேன். யுனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி, 2006ல் எம்.ஐ.டி. தன் முதுகலைப் பாடத்துக்காக எழுதிய சின்ன கெர்னல் இது.

இதன் பலம், முழுசாகப் படித்துவிடலாம். ஷெட்யூலர் சீசன் நேரத்து ஐந்தருவி மாதிரிதான்: ஆளுக்குக் கொஞ்ச நேரம், விசில் அடித்ததும் அடுத்த ஆள். அந்த விசில்தான் டைமர் இன்டரப்ட்.

பலவீனமும் அதுவே. எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஷெட்யூலரில் முன்னுரிமை சேர்க்கலாமே என்று பத்து வரி எழுதினேன். ‘பேனிக்: அக்வயர்’ என்று நின்றுவிட்டது. ஏற்கெனவே கையில் இருந்த லாக்கையே மறுபடி கேட்டிருக்கிறேன். லாக் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால், பயிற்சிகளை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. கெர்னல் வாசித்து வராது. உடைத்துப் பார்த்தால்தான் வரும்.